சரவணைச் சந்தியில் பிழையான முகம்

நயினாதீவு
21.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்பாள் காப்பில் நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். மழை விட்டதும் அம்மாவின் முழங்கால் உளைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சுவிஸில் பனி கடுமை என்று செய்தியில் பார்த்தோம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இவளுக்கு என்ன வந்தது, கடிதம் எழுதுகிறாளே என்று யோசிக்கவேண்டாம். போனில் கதைக்கும் ஒவ்வொரு தரமும் சத்தம் போட்டுத்தான் வைக்கிறோம். அதுவும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குசினிக்கும் விறாந்தைக்கும் நடக்கிறா. அப்பா கண்ணை மூடிச் செபம் பண்ணுகிற மாதிரி இருந்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கிறார். எழுதினால் நீங்கள் இடையில் புகுந்து கத்த ஏலாது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் தாருங்கள்.

விஷயம் இதுதான். நான் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கடையை முதலாளி மூடிவிட்டுக் கனடாவுக்குப் போகிறார். பெயர்ப்பலகை, ஸ்டிக்கர், பதாகை எல்லாம் அங்கே நான்தான் செய்தேன். அவர் கதிரையில் இருந்து காசு வாங்கினார். எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. இனி இன்னொருவர் கடையில் போய் நிற்கமாட்டேன். நீங்கள் மாதாமாதம் அனுப்புகிற காசில் வீட்டோடு இருந்து சாப்பிடவும் எனக்கு மனமில்லை.

கொழும்பில் பாவித்த மெஷின் இரண்டு விலைக்கு இருக்கின்றன. ஒன்று ஸ்டிக்கர் வெட்டுவது, மற்றது பதாகை அடிப்பது. ஊர்காவற்றுறைத் துறைக்குப் பக்கத்தில் பிலிப்பு அண்ணை என்ற வள்ளக்காரர் தன்னுடைய அறையொன்றைத் தருகிறேன் என்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு ஓட்டோவுக்குப் பெயர் ஒட்டுவதென்றாலும் பட்டணம் போகவேண்டிக் கிடக்கிறது. நான் தொடங்கினால் ஓடும். எனக்கு ஓட்டத் தெரியும்.

நீங்கள் உதவினால்தான் மெஷின் வரும். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

மருமக்கள் இருவருக்கும் என் முத்தங்கள்.

உங்கள் தங்கை
தக்ஷாயினி


சுவிஸ்
11.02.2024

அன்பான தக்ஷாவுக்கு,

முருகன் அருளால் இங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலம். எனக்கு மட்டும் தடிமன் விட்டபாடில்லை. சில நாட்களில் இரண்டு மூன்று தரம் முழுகவேண்டி வருகிறது, இந்தக் குளிருக்கு அது ஒத்துவராது. அம்மாவின் காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "இவள் கேட்கிறாளோ, அதட்டுறாளோ?" என்று சிரித்தாள். மெஷின் வாங்கக் காசு அனுப்புகிறேன். முருகன் கோயில் பூசைச் சம்பளத்தில் இது முடிகிற காரியமில்லை. வெளியிலும் கொஞ்சம் வேலை செய்கிறேன், அதில் சேர்ந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. பதாகைக் கடை என்றால் எங்கள் ஊரில் முக்கால்வாசி வேலை கண்ணீர் அஞ்சலிதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் கண்ணை மூடினால் விடிவதற்குள் சந்திக்குச் சந்தி அவர் படம் தொங்கவேண்டும். அந்த வேலையை நீ தொடக்கூடாது. அப்பா பிள்ளையாரைத் தொட்டுப் பூசை செய்கிறவர். கோயில் பூசை செய்கிற வீட்டார் செத்தவீட்டு விஷயத்துக்குக் கிட்டப் போவதில்லை. கிரியை செய்யக்கூட வேறு குருக்கள்மார்தான் போகிறார்கள். ஐயர் வீட்டுப் பெட்டை செத்தவீட்டுப் பதாகை அடிக்கிறாள் என்ற கதை கிளம்பினால், கோயில்காரர் அப்பாவிடம் கோயில் கதவுத் திறப்பைத் திருப்பிக் கேட்பார்கள். இந்த வயதில் அந்த மனுசன் அதைத் தாங்கமாட்டார்.

ஒரேயொரு மரணப் பதாகை அடித்தாய் என்று கேள்விப்பட்டாலும் மெஷின் இரண்டையும் விற்றுவிடவேண்டும். சம்மதமென்றால் ஓம் என்று எழுத்தில் தா.

அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரங்களைச் சொல்லு.

அண்ணா
மயூரநாதன்


நயினாதீவு
24.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். எண்ணெய் வந்து சேர்ந்தது. அம்மா காலுக்குப் பூசுகிறதை விட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் போத்தலைக் காட்டுகிறா. உங்கள் தடிமன் எப்படி? கோயிலில் காலையில் ஒரு முழுக்குப் போதாதா? விசர் வேலை பார்க்கவேண்டாம்.

ஓம். எழுத்தில் தந்துவிட்டேன். இனி மெஷின் கதைக்கு வருகிறேன்.

கொழும்புக் கடைக்காரர் என்னைக் கண்டதும் யாரோ சாமான் வாங்கத் தெரியாத பெட்டை என்று நினைத்துவிட்டார். வெட்டுகிற மெஷினில் ஆங்கில எழுத்தில் ஒரு பெரிய சொல்லை வெட்டிக் காட்டி, "பாருங்கள் மிஸ், புது மெஷின் மாதிரி" என்றார். நான் ஞானவைரவர் என்று சின்ன எழுத்தில் வெட்டச் சொன்னேன். வெட்டி, வேண்டாத பகுதியை உரிக்கும்போது ஞாவின் சுழி பிய்ந்து கையோடு வந்தது. அலகு தேய்ந்துபோச்சு, மாற்றித் தருகிறேன் என்றார். அலகு இல்லை, உருளையே ஆடுகிறது என்று நான் காட்டினேன். பிறகு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். அதில் வெட்டின வைரவரை அப்படியே உரித்து அவருடைய மேசையில் ஒட்டிவிட்டு வந்தேன். இப்போதும் அங்கே இருப்பார்.

அப்பா நாள் பார்த்துத் தந்தார். கடைக்கு வரவில்லை. வள்ளத்துறை வரைக்கும் வந்து விபூதி பூசிவிட்டு, "செத்தவீட்டு வேலை ஒண்டும் எடுக்கமாட்டாய்தானே?" என்றார். நீங்கள் இரண்டு பேரும் கதைத்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் வேலை பிலிப்பு அண்ணையின் வள்ளத்துக்குப் பெயரும் நம்பரும். அழகாய் ஒட்டினேன். அடுத்த கிழமை, "தங்கச்சி, உங்கடை எழுத்து மீனுக்குத் தீனியாப் போச்சு" என்று வந்து நின்றார். உப்புப் படிந்த பலகையை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடாமல் ஒட்டினது என் மடைத்தனம். மறுபடி காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அசையாமல் நிற்கிறது.

அண்ணா, மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. நன்றி என்று எழுதினால் பெருமை பிடித்துவிடுவீர்கள், ஆனாலும் எழுதுகிறேன்.

தங்கை
தக்ஷா


சுவிஸ்
16.04.2024

அன்பான தக்ஷாவுக்கு,

புதுவருட ஆசிகள். கைவிசேஷக் காசு தர நான் அங்கே இல்லை, அடுத்த வருடமாவது வரப் பார்க்கிறேன். கடைப் படங்களைப் பார்த்தோம். பெரியவன் தன்னுடைய சைக்கிளுக்கும் அத்தை பெயர் ஒட்டவேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

அம்மா போனில் உன்னுடைய கடையைப் பற்றித்தான் கதைக்கிறா. அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் வள்ளத்தில் வருகிற ஆட்களிடம் "ஊர்காவற்றுறையிலை மகளின்ரை கடை" என்று சொல்லுகிறாராம். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுத்துவிடாதே.

கடிதம் சுருக்கமாகப் போகிறது, குறை நினைக்காதே. இந்த மாதம் வெளிவேலை கூட. சொன்ன சொல் நினைவிருக்கட்டும்.

அண்ணா
மயூரநாதன்


ஊர்காவற்றுறை
12.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். வெயில்தான் ஆட்களைக் கொல்கிறது. அங்கே குளிர் விட்டிருக்கும், நாங்கள் இங்கே அவிகிறோம்.

இதைக் கடையில் இருந்து எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் வேலை இல்லை. ஓட்டோக்காரர் எல்லோரும் ஒட்டி முடித்துவிட்டார்கள். வள்ளங்களும் முடிந்தன. பிறந்தநாளுக்கு ஒன்று, பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுக்கு ஒன்று அடித்தேன். அதற்குப் பிறகு வருகிறவர் எல்லோரும் ஒரே கேள்விதான்.

"தங்கச்சி, கண்ணீர் அஞ்சலி அடிப்பியளோ?"

"இல்லை."

"பதாகை அடிக்கிற மெஷின் கிடக்கு, பிறகென்ன இல்லை?"

என்ன பதில் சொல்ல? போன கிழமை கரம்பொன்னில் இருந்து ஒரு அம்மா வந்தா. புருசன் ஆசுப்பத்திரியில் முடிந்துபோனார், பிள்ளைகள் பிரான்சில். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றா. நான் ஏலாது என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. படத்தைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பட்டணம் போக பஸ்ஸுக்கு நின்றா. அந்த வெயிலில் நின்றா, அண்ணா. நான் உள்ளே காற்றாடிக்குக் கீழே இருந்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தீவுப்பகுதியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. இருக்கிறவர்கள் வயது போனவர்கள். அவர்களுக்கு ஒன்றென்றால் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கேட்கிற முதல் காரியம் அந்தப் பதாகைதான். அதை மறுத்தால் இந்தக் கடை ஆவணியைக் காணாது. நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை, பிணத்தைத் தொடவில்லை. கணினியில் ஒரு படத்தை வைத்து நாலு எழுத்து எழுதுகிறேன். அதில் என்ன தீட்டு? நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அப்பாவோடு நீங்கள் கதைத்தால் அவர் கேட்பார்.

உங்கள் பதிலுக்காக இருக்கிறேன்.

தக்ஷா


சுவிஸ்
19.05.2024

தக்ஷாவுக்கு,

நலம். நலமறிய அவா.

ஏலாது. என்ன தீட்டு என்று என்னிடம் கேட்காதே. அதை அறிந்தவன் நான். ஒருமுறை அந்தப் பக்கம் கால் வைத்தால் திரும்பி வர வழியில்லை. கடை ஓடாவிட்டால் பூட்டு, நான் மாதாமாதம் அனுப்புகிறேன். அப்பாவோடு நான் கதைக்கமாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

மயூரநாதன்


நயினாதீவு
30.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்பாள் திருவிழா முடிந்து ஊர் வெறிச்சென்று கிடக்கிறது. அப்பாவுக்குக் களைப்பு, வேறு ஒன்றுமில்லை. அம்மா பால்பொங்கலும் மோதகமும் செய்து ஆட்களுக்குக் கொடுத்தே தேய்ந்துபோனா. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் பதாகைகள் நிறைய அடித்தேன். திருவிழாவுக்குப் பிறகும் வேலை வருகிறது. வாடகை தவறவில்லை, மை வாங்கியாகிவிட்டது. மெஷின் இரண்டும் நன்றாக ஓடுகின்றன. என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தக்ஷா


நயினாதீவு
28.07.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகம், அப்பா சுகம். போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. இதற்காவது போடவேண்டும்.

வேறு வாய் சொல்லமுதல் நானே சொல்கிறேன். ஆனி தொடக்கம் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறேன். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. பிலிப்பு அண்ணை தன் பெயரில் ஓடர் எடுப்பார். நான் கதவைச் சாத்திவிட்டு அடித்து, மை காய்ந்ததும் விரித்துப் பார்க்காமல் சுருட்டிக் கொடுத்துவிடுவேன். அவருடைய மருமகன் கொண்டுபோய்க் கட்டுவார். பிலிப்பு அண்ணை வீட்டுக் கிணற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்கு வர பஸ் ஏறுவேன். அப்பா பூசைக்குப் போகிற வீட்டுக்குள் அப்படியே நுழைய எனக்கும் மனம் வரவில்லை.

சரவணையைச் சேர்ந்த கனகசபை என்பவர் உங்கள் சுவிஸில் இறந்துபோனார். பிள்ளைகள் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். போன வருசம் ஊருக்கு வந்தபோது அவரும் அவருடைய தமையன் ஐயாத்துரையும் வாசலில் தோளோடு தோளாக நிற்கிற படம். "வெள்ளை மீசைக்காரர்தான் அப்பா" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் வெள்ளை மீசை, அண்ணா! ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அன்றைக்கு வீட்டில் இருந்து மடிக்கணினியில் செய்தேன். பக்கத்து அறையில் அப்பா. செத்தவீட்டுக்காரரோடு எப்படிக் கதைப்பது? செத்தவர் என்றால் வயது கூடினவராகத்தான் இருப்பார் என்று எண்ணி, கிழவராகத் தெரிந்தவரை வெட்டியெடுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை விடியவே ஐயாத்துரை ஐயா தம்பியின் படத்தைப் பார்க்கவென்று சந்திக்கு நடந்து போயிருக்கிறார். அங்கே பார்த்தால் தானே தொங்குகிறார். பால் வாங்க வந்த பெண் ஒருத்தி மேலே பார்த்து, கீழே பார்த்து, "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடினாளாம். ஓட்டோ பிடித்து நேரே என் கடைக்கு வந்துவிட்டார்.

"ஆர் பிள்ளை என்னைச் சாக்காட்டினது?"

"நான்தான் ஐயா" என்றேன்.

"நீர் ஆர்?"

"நயினாதீவு சிவசிதம்பர ஐயற்றை மகள்."

"ஐயற்றை மகளோ?" என்று கதிரையில் இருந்துவிட்டார். நான் அழுதேன். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "சரி, முதல்லை என்ரை தம்பியைச் சரியாப் போடும்" என்றார். அடித்து முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். மத்தியானத்துக்குள் புதுப் பதாகை கட்டியாயிற்று. பழையதை மடித்து, விறகுக்கு மேலே போட உதவும் என்று தானே வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். "ஏறும் ஓட்டோவிலை" என்றார். வீட்டில் அவருடைய பிள்ளைகள் என்மேல் பாய்ந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். சுவிஸில் நடக்கிற செத்தவீடு நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ரை தம்பியை உமக்குத் தெரியாமல் போச்சு. இருந்து வடிவாப் பாரும்."

பார்த்தேன். கனகசபை ஐயாவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்து கிரியை செய்தவரையும் பார்த்தேன். நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தால் இறங்கும்போது வழுக்கி விழுந்து வந்த தழும்பு. உடலில் பூசுகிற சுண்ணம் இடிக்கிற நேரம் பேத்தி ஒருத்தி உலக்கையைப் பிடிக்கத் தெரியாமல் விம்மிக்கொண்டு நின்றாள். அவர் எழும்பி வந்து பிடித்துக் காட்டிவிட்டு, அவள் அழுது முடியுமட்டும் காத்திருந்தார்.

ஐயாத்துரை ஐயா சொன்னார்: "அங்கையெல்லாம் நேரம் பார்த்துத் துரத்துவினமாம். இந்த ஐயர் என்ரை தம்பியை அவசரப்படுத்தேல்லை." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படியிருந்ததோ. "உமக்கு இவரைத் தெரியுமோ பிள்ளை?"

"இல்லை" என்றேன்.

அதற்குமேல் எழுதமாட்டேன். நான் சொல் மீறிவிட்டேன். மெஷினை விற்க ஆள் பார்க்கட்டோ? பதில் தாருங்கள்.

தக்ஷா


நயினாதீவு
18.08.2024

அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்கவேண்டும், கேட்கிறேன். போன் எடுத்தால் அண்ணி, "கோயிலிலை நிக்கிறார்" என்கிறா. எப்போது எடுத்தாலும் கோயில்தான்.

நான் பயந்தது நடந்துவிட்டது. சரவணைச் சந்திக் கதை வள்ளம் ஏறி இங்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில்காரர் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா, ஒருவரும் தொடவில்லை. அப்பா அவர்களுக்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"செத்தவீட்டுப் பதாகை அடிக்கிறனியோ?"

"ஓம் அப்பா."

"அந்தக் கையாலை கட்டின மாலையைத்தான் ஐயா பிள்ளையாருக்குப் போடுறியள்" என்று ஒருவர் சொன்னார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. கடைசியில், "மெஷின் என்ரை மகன்ரை காசு. அவன் படிச்சவன், சரி பிழை தெரிஞ்சவன். விக்கிறதோ வைக்கிறதோ அவன் சொல்லட்டும்" என்றார். ஆவணிச் சதுர்த்திக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கடை பூட்டிக் கிடக்கிறது. திறப்பு அப்பாவிடம்.

அவர் உங்களைப் படித்தவன் என்று சொன்ன நேரம் நேரலையில் கண்டது எனக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இனியும் விழுங்குவேன், பயப்படவேண்டாம். நீங்கள் விற்கச் சொன்னால் நாளைக்கே விற்பேன். ஆனால் அந்தச் சொல்லை எந்த வாயால் சொல்லப்போகிறீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள். உங்கள்மேல் எனக்கு ஆத்திரம், அண்ணா. அந்தப் பிள்ளைக்கு உலக்கை பிடித்துக் கொடுத்ததை நினைத்தால் ஆத்திரப்படவும் ஏலாமல் இருக்கிறது.

தக்ஷாயினி


சுவிஸ்
21.08.2024

அன்பும் மதிப்புமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் பாதம் பணிந்து மகன் எழுதுவது. தக்ஷா இதை அச்செடுத்து உங்கள் கையில் தருவாள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மெஷினை விற்கவேண்டாம். விற்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த மெஷின் செத்தவீட்டுக் காசில் வந்தது.

நான் இங்கே கிரியைக்குப் போகிறேன், அப்பா. வந்த புதிதில் நெடுந்தீவுப் பொடியன் ஒருவன் இறந்துபோனான். உணவுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். இந்த ஊரில் கிரியை செய்ய ஒருவரும் இல்லை. பாட்டுப் பெட்டியில் தேவாரத்தைப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்று கூட வேலை செய்தவர்கள் கதைத்துக்கொண்டார்கள். தாய் ஊரில் இருந்து போனில் என்னிடம், "ஐயா, என்ரை பிள்ளையைச் சும்மா எரிக்க விடாதையுங்கோ" என்றா. கோயில் பூசை செய்கிறவன் வரக்கூடாது என்று அந்தத் தாய்க்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனேன். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்களையும் மறுக்க முடியவில்லை. அவர்கள் தந்த காசையும் மறுக்கவில்லை. முழுகிவிட்டு வந்து முருகனுக்குப் பூசை செய்கிறேன். ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு செய்கிறேன்.

முறையாக ஒருவரிடமும் படிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து, எனக்குச் சரியென்று பட்டதைச் செய்கிறேன். சில இடங்களில் பிழை விடுகிறேன் என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

தக்ஷாவுக்கு நிபந்தனை போட்டது உங்களுக்காக என்று எழுதினேன். அது பாதி பொய். அவளாவது சுத்தமாக இருந்தால் பிள்ளைகளில் ஒருத்தியாவது மிஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நேரலையில் பார்த்துவிட்டாள். பார்த்தும் உங்களுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. அந்தக் கடையைப் பூட்டவேண்டாம், அப்பா. என்னை வீட்டுப் படலை திறந்து வராதே என்று சொன்னால் வராமல் இருக்கிறேன். அவளுடைய கடையைத் திறந்து விடுங்கள்.

அம்மா அழவேண்டாம்.

உங்கள் மகன்
மயூரநாதன்


சிவமயம்

நயினாதீவு
09.09.2024

சிரஞ்சீவி மயூரநாதனுக்குப் பிள்ளையார் அருளால் சகல மங்களமும் உண்டாகுக. இங்கு க்ஷேமம். உன் வீட்டாருடைய க்ஷேமத்துக்கு எழுதவும்.

இதை நானே எழுதி நானே தபாலில் போடுகிறேன். உன் கடிதம் கிடைத்த அன்று அம்மா அழுதாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பூசைக்குப் போனேன். மந்திரம் இடையில் நின்றுவிட்டது. இத்தனை வருசத்தில் அப்படி நின்றதில்லை.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன், இருக்கிறது. படிக்காத காரியத்தைப் புத்தகம் பார்த்துச் செய்தாயே, அதற்குத்தான் கோபம். கோயில் பூசையில் பிழை விட்டால் அடுத்த நாள் பிராயச்சித்தம் செய்யலாம். செத்தவனுக்கு அடுத்த நாள் இல்லை.

அதனால் போன திங்கள் வேலணைக்குப் போனேன். அங்கே கிரியை செய்கிற குருக்களை உனக்குத் தெரியும். நானும் அவரும் வாலிபம் தொடக்கம் ஒரே வள்ளத்தில் வந்து போகிறவர்கள், ஆனால் அவர் வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை. என்னைக் கண்டதும் எங்கள் வீட்டில் ஆரோ செத்துப்போன செய்திதான் கொண்டுவந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயா, உங்கடை பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கிறதோ?" என்றார். ஓம் என்றேன். தேத்தண்ணி தந்தார், குடித்தேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுப்பார். பேனையும் கொப்பியும் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேள். எங்கே பிழை விட்டாய் என்று மறைக்காமல் சொல்லு.

சதுர்த்திப் பூசை முடிந்ததும் கோயில்காரரை இருத்தி இரண்டு விஷயத்தையும் நானே சொன்னேன், மகளுடையதையும் மகனுடையதையும். கோயில் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்து அவர்களுக்கு முன்னால் வைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறார்களாம். யோசிக்கட்டும். அதுவரை காலைப் பூசை நான்தான் செய்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன், அது எனக்குச் சாவு மாதிரித்தான் இருக்கும், ஆனாலும் விடுவேன்.

மெஷின் நிற்கட்டும். கடைத் திறப்பைத் தக்ஷாவிடம் கொடுத்துவிட்டேன். நீ போட்ட நிபந்தனை போய்விட்டது, இப்போது நான் ஒன்று போட்டிருக்கிறேன். எந்தச் செத்தவீட்டுப் பதாகையும் எனக்குக் காட்டாமல் கடையை விட்டு வெளியில் போகக்கூடாது. அவளுக்கு எழுத்துத் தெரியும், ஆட்களைத் தெரியாது. இந்தத் தீவுகளில் எத்தனை பேருக்கு நான் விபூதி கொடுத்திருப்பேன், எனக்கு முகம் பிழைக்காது.

நேற்றுப் பின்னேரம் முதல் தரம் அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கரம்பொன் வாத்தியார். என்னோடு ஒரே வகுப்பில் இருந்து படித்தவன், போனது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, அங்கே மெஷின் காத்துக்கொண்டு நிற்குமே என்று, "ஓம், இவன்தான்" என்று அம்மாவைக் கொண்டு எழுதி அனுப்புவித்தேன்.

இப்படிக்கு
அப்பா
சிவசிதம்பரம்